விரத வயிற்றில் குளிசை

புலம்பெயர்ந்து வால்தம்ஸ்டோவில் குடியேறிய சந்திரவதனாவின் வீட்டில் ‘வாற வருஷம்’ என்ற பேச்சை யாரும் எடுப்பதில்லை. தம்பி பாலேந்திராவுக்கு எய்ட்ஸ் என்று தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். ஊருக்கு நெஞ்சுச்சளி என்று சொல்லி வைத்திருந்தாள். எப்படி வந்தது என்று அவனிடம் ஒருமுறை கேட்டாள். அவன் சுவரைப் பார்த்தான். அதோடு விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றாறில் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். ஒரு மருந்தைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அது கேட்காமல் போயிற்று. மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்குகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்து, அடுத்த சித்திரையில் அவனுக்கும் கொடுத்தார்கள். ஆவணிக்குள் கன்னத்தில் சதை வைத்தது. கறிக்கு உப்புக் காணாது என்று குறை சொல்லத் தொடங்கினான். அந்தக் குறையைக் கேட்கச் சந்திரவதனாவுக்குத் தேனாக இனித்தது.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். தம்பி எழும்பி நடந்தால் இருவருமாகக் கந்தசஷ்டி விரதம் பிடிப்பதாக முருகனுக்கு நேர்ந்து வைத்திருந்தாளே! ஐப்பசியில் ஆறு நாளும் அவனுக்கும் பழமும் வெறுந் தேத்தண்ணியும்தான். மருந்துக் குளிசையை மட்டும் ஒரு வேளையும் தவறவிடவில்லை. விழுங்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தாள்.

அடுத்த கிழமை கிளினிக்கில், குருநகர்க்காரியான தாதி மரியநாயகி இரத்தம் எடுத்துக்கொண்டே சாப்பாட்டைப் பற்றி விசாரித்தாள். விரதம் இருந்ததைப் பாலேந்திரா பெருமையாகச் சொன்னான். அவள் முகம் மாறிவிட்டது.

“கொழுப்போடை வடிவாச் சாப்பிட்டாத்தான் அந்தக் குளிசை உடம்பிலை சேரும். அரைகுறை மருந்துக்குக் கிருமி பழகிச்சுதெண்டா, பிறகு மருந்து கேக்காது. சொன்னனாங்கள்தானே?”

“சொன்னனீங்கள்தான்,” என்றாள் கூட வந்திருந்த சந்திரவதனா. “முருகனுக்காகத்தானே, ஆறு நாளைக்குப் பொறுக்கும் எண்டு நினைச்சன்.”

“முருகன் பொறுப்பார் அக்கா. குளிசை பொறுக்காது.”

இரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று எண்ணிச் சொல்லும் பரிசோதனை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. முடிவு வர இரண்டு கிழமை. சந்திரவதனா நெய்யும் முட்டையும் ஆட்டிறைச்சியுமாகச் சமைத்துத் தள்ளினாள். சாமிப்படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. யார் யாரோ மண்டையை உடைத்து மருந்து கண்டு காப்பாற்றிக் கொடுத்த பிள்ளையை நானே கொன்றுவிட்டேனோ என்று அடுப்படியில் நின்று அழுதாள். அவன் வந்தால், வெங்காயம் என்றாள்.

முடிவு வந்த அன்று மரியநாயகி அவர்களை உட்காரக்கூட விடவில்லை.

“தப்பினியள்! கிருமி முழுக்கப் போகேல்லை. ஆனா மெசினாலை கண்டுபிடிக்க ஏலாத அளவுக்கு அடங்கிக் கிடக்கு.”

சந்திரவதனா தாதியின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். மாதக்கணக்காகக் கட்டி வைத்திருந்த அழுகை. அழுது முடிந்ததும் பசித்தது.

“இனி விரதம் கிரதம் இல்லைத்தானே?” என்றாள் மரியநாயகி.

“நான் பிடிப்பன். இவன் தின்னட்டும்.”

பஸ்ஸுக்கு நிற்கும்போது பாலேந்திரா சிரித்தான். “அப்ப வாற வருஷம் அக்கா பட்டினி கிடக்க, நான் முன்னாலை இருந்து நெய்த்தோசை தின்னுறதோ?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். சந்திரவதனா அவன் கழுத்துத் துண்டை இழுத்துச் சரிசெய்தாள்.

“ஓம். வாற வருஷமும் தின். அதுக்கடுத்த வருஷமும் தின்.”