நாலாவது பாய்

1937 ஐப்பசியில் ஒரு சாயங்காலம், சாலைக் கடைத்தெரு மிளகாய் வியாபாரி குற்றாலலிங்கம் பிள்ளை சொட்டும் குடையோடு வானிலை ஆபீசுக்குள் நுழைந்தார்.

“சாரே, காலம்பற என்ன சொன்னீரு?”

“மழைக்கு நாலில் மூணு பங்கு வாய்ப்புன்னு சொன்னேன்” என்றார் ஆய்வாளர் வெங்கடகிருஷ்ணன்.

“அதை நம்பித்தானே நாலு பாய் மிளகாயில மூணை உள்ளே எடுத்தேன்? நனையாதுன்னு விட்ட நாலாவது பாய் தெப்பமா நனைஞ்சிருக்கே!”

இப்படிப்பட்ட நாலு நாளில் மூன்று நாள் மழை பெய்யும், பாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வெங்கடகிருஷ்ணன் வியர்க்க வியர்க்க விளக்கினார். பிள்ளை பொறுமையாகக் கேட்டார்.

“மனசிலாச்சு. நான் விட்டது தப்பான பாய். எதை விடணும்னு நீருதான் சொல்லியிருக்கணும்.”

மறுநாள் பிள்ளையின் கடையைத் தாண்டும்போது, காய்ந்துகொண்டிருந்த நாலு பாய்களையும் வெங்கடகிருஷ்ணன் நின்று பார்த்தார். இன்றைக்கு விட வேண்டியது எது என்று தான் யோசிப்பது அவருக்கே உறைக்கச் சற்று நேரமாயிற்று.