பதினொன்றில் எட்டு உபரி

கிளிமஞ்சாரோ மலைச்சரிவின் பாசன வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய அறிவிப்பு ஒன்று, போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலய வாசலில் வெளியிடப்பட்டது. எங்கள் வாய்க்காலில் உபரித் தண்ணீர் இருக்கிறது. இத்தனை தலைமுறையாக அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. வாய்க்கால் கமிட்டித் தலைவர் எலிரெஹெமா ஸ்வாய் சாக்பீஸால் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பகல் தண்ணீர் எங்களுடையது. அதில் பாதி மேல்மேட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு. மூன்றில் ஒரு பங்கு நடுமேட்டு வாழைக்கு, நான் நடுமேட்டுக்காரன். ஆறில் ஒரு பங்கு, கடைசி முறை, கீழே பீன்ஸ் போட்டிருக்கும் ஐகாண்டேக்கு. தலைவர் மூன்றையும் கரும்பலகையில் எழுதினார். மேலே உள்ள ஒன்றுகளைக் கூட்டினார், மூன்று. கீழே உள்ள இரண்டு, மூன்று, ஆறைக் கூட்டினார், பதினொன்று.

"ஆக, பதினொண்ணுல மூணு பங்குதான் நாம செலவு பண்றோம். மிச்சம் எட்டு பங்கு? சொல்லுங்க, எங்க போகுது?"

ஆளாளுக்கு வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தோம். அந்த உபரியிலிருந்து பகலில் கால் பங்கை, தம் மைத்துனர் கட்டியிருக்கும் விடுதியின் மீன் குளத்துக்கு வழங்குவதாகத் தலைவர் அறிவித்தார். கைதட்டினோம். நானும்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பசி வேறு.

செவ்வாய் விடிவதற்கு முன்பே மடையில் கூட்டம். மடை காக்கும் மசாவே மண்வெட்டியோடு நின்றான். வாழைத்தண்டும் புல்கட்டியும் வைத்து அடைத்த மடை. எந்தப் பக்கம் வெட்டுகிறானோ அந்தப் பக்கம் தண்ணீர். வெட்டாதவரை அது ஓடைப் பள்ளத்தில் விழுந்து வீணாகும். ஐகாண்டே தலையில் வாழைச் சீப்போடு வேகவேகமாக ஏறி வந்தாள். அவளுடைய பீன்ஸ் பூத்திருந்தது. இந்த வாரம் தண்ணீர் தவறினால் பூ கொட்டிவிடும். அடுத்த மழைவரை அந்த வீட்டு அடுப்பில் ஏறுவது அந்த பீன்ஸ்தான்.

"மசாவே, எந்தப் பக்கம் வெட்டப் போறே?"

"மீன் குளத்துக்கு, அக்கா. மூணு மணி நேரம். உபரி முதல்ல போகணுமாம்."

"அப்புறம்?"

"மேல்மேடு ஆறு, நடுமேடு நாலு, உனக்கு ரெண்டு."

"கூட்டு."

மசாவே மண்வெட்டியைத் தோளில் சாய்த்துவிட்டு விரல் மடக்கினான். கைவிரல் தீர்ந்து கால்விரலைக் குனிந்து பார்த்தான். "பதினஞ்சு வருதுக்கா."

"பகல் எத்தனை மணி நேரம்டா?"

பன்னிரண்டு மணி நேரம்தான். பொழுது சாய்ந்ததும் மடை அடுத்த ஊர்க்காரர்கள் கைக்குப் போய்விடும். இது அவனுக்குத் தெரியும். ஆனால் அவனை வேலைக்கு வைத்திருப்பது தலைவர்.

தலைவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்னால் இருவர் கரும்பலகையைச் சுமந்து வந்தார்கள்.

"தலைவரே, பாதியோட இன்னும் ரெண்டு பங்கு சேர்ந்தா, பாதியவிடக் குறைஞ்சு போகுமா?" என்று கேட்டாள் ஐகாண்டே.

"இது கணக்கும்மா. மேல இருக்கறத மேல இருக்கறதோட, கீழ இருக்கறத கீழ இருக்கறதோட. ஒரு ஒழுங்கு வேணாமா?"

அவள் சீப்பை இறக்கி வைத்தாள். பதினாலு காய். இரண்டைப் பிய்த்து மசாவேயிடம் கொடுத்தாள். "இது பன்னெண்டு, பகல். பாதி, மூணுல ஒண்ணு, ஆறுல ஒண்ணுன்னு ஒண்ணுக்கொண்ணு வேற அளவு. அப்படியே கூட்டினா ஒண்ணும் நிக்காது. எல்லாத்தையும் பன்னெண்டாக்குங்க. பன்னெண்டுல ஆறு, பன்னெண்டுல நாலு, பன்னெண்டுல ரெண்டு. கீழ இருக்குற பன்னெண்டு பன்னெண்டாவே இருக்கும். மேல இருக்கறத மட்டும்தான் கூட்டணும்." பிய்த்துப் பிய்த்துப் புல்லில் வைத்தாள். காம்புதான் மிஞ்சியது. "பன்னெண்டுக்குப் பன்னெண்டு. குளத்துக்குக் கால் பங்கு, அதாவது மூணு காய். எங்க இருக்கு, எடுங்க."

தலைவர் காம்பைப் பார்த்தார். "இன்னொரு சீப்பு கொண்டா."

"இன்னொரு சூரியனை நீங்க கொண்டாங்க, தலைவரே."

எல்லோரும் சிரித்தார்கள். சூரியன் எட்டிப் பார்த்துவிட்டது. பள்ளத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மசாவே காலை மாற்றி மாற்றி நின்றான்.

"சீக்கிரம் முடிங்க! யாருக்காவது வெட்டிவிடுங்கப்பா!" என்று கத்தினார் டெமு, மேல்மேட்டில் ஒரு மணி நேரத் தண்ணீர்க்காரர்.

"குளத்துக்குத் தரணும்னா யாரோடதையாவது கழிக்கணும்," என்றாள் ஐகாண்டே. "யாரோடத?"

எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம். டெமுவுக்குத்தான் பொறி தட்டியது. "மேல்மேட்டு ஆறு மணியில மூணு மணி நேரம் தலைவருக்குத்தானே? பகல்ல சரியாக் கால் பங்கு. மைத்துனருக்கும் கால் பங்கு. கீழ இருக்குறது ஒண்ணாத்தான் இருக்கு, கழிச்சுப் பாருங்க."

தலைவர் இதைச் சாக்பீஸ் இல்லாமலே போட்டார். அரை நொடிகூட ஆகவில்லை.

பிறகு தொண்டையைச் செருமினார். "பதினொண்ணுல எட்டு பங்கு உபரி இருக்குங்கிறதுல எந்த மாற்றமும் இல்ல. அதை உபயோகிக்கறது மட்டும் தேதி குறிப்பிடாம ஒத்திவைக்கப்படுது." மறுபடியும் கைதட்டினோம். கரும்பலகை இறங்கிப் போனது. மசாவே மேல்மேட்டுப் பக்கம் வெட்டினான்.

அதற்குள் விடிந்து அரை மணி நேரம் போயிருந்தது. மேல்மேட்டுக்காரர்கள் தங்கள் ஆறு மணி நேரத்தையும் முழுதாக எடுத்துக்கொண்டார்கள். நடுமேட்டில் நாங்கள் நாலையும் எடுத்துக்கொண்டோம். பொழுது சாய்ந்ததும் அடுத்த ஊர்க்காரர்கள் வந்து மடையை அடைத்தார்கள்.

ஐகாண்டேயின் பதினாறு வரிசை பீன்ஸில் கடைசி நாலு வரிசை நனையவில்லை.