முப்பது அடி

ஐலி இன்னொரு இரைமீனை எடுத்து, ஈயத்தலைத் தூண்டிலில் வாய்வழியாகக் கோத்து, நீர்ப்பாசியின் ஓரமாக இறக்கினாள். படகிலிருந்த சின்னத் திரை ஆழம் பதினைந்து அடி என்று காட்டியது. செப்டம்பர் வெயிலில் வெளிச்சம் இருந்தது, சூடு இல்லை. இதுவரை கடித்ததெல்லாம் விரல் நீளப் பொடிமீன்கள். அவள் தேடி வந்த வால்ஐ மீன் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

கரையில், ஏரியைப் பார்த்த முன்னறையில், அவள் புருஷன் ரெய்னோ படுத்திருந்தான். ஈரலில் தொடங்கிய புற்று இப்போது உடம்பு முழுக்க. ஸ்பூனில் கொடுக்கிற தண்ணீர்கூட இறங்கவில்லை. அப்படிப்பட்டவன் காலையில் கண்ணைத் திறந்து, "ஒரு வால்ஐ பொரிச்சுக் குடு ஐலி. தின்ன முடியாது. வாசனையாவது புடிக்கிறேன்" என்றான்.

"ஃப்ரீசர்ல இருக்கு. எடுத்துப் பொரிக்கிறேன்."

"ஐஸ்ல கெடந்தத நாய்க்குப் போடு." சாகக் கிடக்கும்போதும் வாய் குறையவில்லை. "படகை எடு. பாறைத் திட்டுக்குத் தெக்கால போ. முப்பது அடி. மேல் தண்ணி இன்னும் குளிரல, பகல்ல அது கீழதான் கெடக்கும். தூண்டில் தரையத் தொட்டதும் ஒரு சாண் தூக்கி, சும்மா வெச்சிரு. ஆட்டாத."

இவ்வளவு விளக்கமாகச் சொன்னதே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. அந்த ஊரில் பெற்ற தாய் கேட்டாலும் எவனும் மீன் கிடைத்த ஆழத்தைச் சொல்லமாட்டான். அதிலும் ரெய்னோ மன்னன். சர்ச்சில் பொய் சொல்லமாட்டான், இரைக்கடையில் உண்மை சொல்லமாட்டான். அவன் சொன்னதில் பாதிதான் சரியான ஆழம் என்பது ஊரறிந்த கணக்கு. பேச்சுச் சத்தத்துக்கு மீன் ஓடிவிடும் என்று பொண்டாட்டியைக்கூட அவன் படகில் ஏற்றியதில்லை. ஐலியும் ஊரோடு சேர்ந்து பாதியைக் கழித்துக்கொண்டாள்.

வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, ரெய்னோவின் தங்கை ஹெல்மி அடுப்படியில் மீனைப் புரட்டிப் பொரிக்க மாவைத் தட்டில் பரப்பி, வாணலியைத் துடைத்து, தயாராக வைத்திருந்தாள். ஐலியின் முகத்தைப் பார்த்ததும் வாணலியை ஓரமாக நகர்த்தினாள்.

ரெய்னோ கேட்டான். குரல் காற்றாகத்தான் வந்தது. "எத்தன அடியில போட்ட?"

"பதினஞ்சு."

"முப்பதுன்னுல்ல சொன்னேன்."

"நீ என்னிக்கு உண்மை சொல்லியிருக்க?"

அவன் அவளையே பார்த்தான். "இன்னிக்கு" என்றான். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பா, வலியா, அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டான். மூச்சு விட்டு விட்டு வந்தது, ஹெல்மி காப்பி போட்டு எடுத்து வருவதற்குள் நின்றுவிட்டது.

ஹெல்மி அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். ஐலி போர்வையை நேராக்கினாள். நர்ஸ் வந்தாள், கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள். சவ அடக்கம் செய்பவர்கள் வந்து தூக்கிப் போனார்கள். கட்டிலில் தலை அழுந்திய குழி அப்படியே இருந்தது. அழ வேண்டும் என்று ஐலிக்குத் தெரிந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

ரெய்னோவின் கோட்டை மாட்டிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டியபோது, போனில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஹெல்மி பதறிப்போனாள். "எங்க போறீங்க அண்ணி?"

"இரைமீன் மிச்சம் இருக்கு. செத்துரும்."

பாறைத் திட்டுக்குத் தெற்கே படகை நிறுத்தினாள். திரை முப்பது காட்டியது. தூண்டில் தரையைத் தொட்டது. ஒரு சாண் தூக்கினாள். சும்மா வைத்திருந்தாள்.

மெல்ல ஒரு தட்டு. பிறகு கனம். சுற்றிச் சுற்றி மேலே கொண்டுவந்தாள். பொன் நிற உடம்பு, வாலடியில் வெள்ளை, பால் விட்ட கண்ணாடி போலக் கண். நல்ல பெரிய வால்ஐ.

"பாவி மனுஷா" என்றாள் சத்தமாக. "இன்னிக்குத்தான் உண்மை சொல்லணும்னு தோணிச்சா உனக்கு?" தூண்டிலைக் கழற்ற வெகுநேரம் ஆனது.

படகுத்துறையில் பக்கத்து வீட்டு டுவேன் நின்றுகொண்டிருந்தான். கையில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட பாத்திரம், சாவு வீட்டுக்குக் கொண்டுவருவது. தொப்பியைக் கழற்றினான். "கேள்விப்பட்டேன் ஐலி. நல்ல மனுஷன்." அவன் கண் மீன் மேல் போனது, ஏரியின் மேல் போனது, திரும்ப மீனுக்கே வந்தது. பாவம், எவ்வளவு நேரம்தான் அடக்குவான்? "இப்பக் கேக்கக் கூடாதுதான்... எத்தன அடி?"

"முப்பது" என்றாள் ஐலி.

டுவேன் சிரித்துவிட்டான். சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து சிரிப்பை விழுங்கினான். "ரெய்னோ பொண்டாட்டியாச்சே, வேற எப்படிச் சொல்லுவ? சரி சரி, நாளைக்குப் பதினஞ்சுல போட்டுப் பாக்குறேன்."

ஐலி அவனைத் திருத்தவில்லை. பாத்திரத்தை ஒரு கையில் வாங்கி, மீனை மறு கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அடுப்படியில், ஹெல்மி காலையில் பரப்பிய மாவு, யார் கையும் படாமல் தட்டில் அப்படியே இருந்தது.