சாவிக்கு அசையாத துணி

கிராண்ட் ராபிட்ஸில் எங்கள் பழைய சோஃபாவுக்குத் துணி மாற்றித் தரும் கெரிட், ஏழு மாதிரித் துண்டுகளைக் கொடுத்தனுப்பினார். நானும் என் கணவன் ரோலண்டும் ஒரு வாரம் அவற்றைப் படாதபாடு படுத்தினோம். நான் காப்பியைக் கொட்டினேன், நாயைப் படுக்கவைத்தேன். அவன் எங்கள் வாசல் சாவியால் ஒவ்வொன்றையும் நூறு தடவை எண்ணிச் சுரண்டினான். எனக்குப் பிடித்த நீலம் நாற்பதிலேயே நூல் விட்டது.

"இதுதான் மெத்துனு இருக்குப்பா," என்றேன்.

"மெத்துனு இருந்து என்ன பிரயோஜனம்? எண்பது வயசு வரைக்கும் நாம ரெண்டு பேரும் இதுலதான் உக்காரப்போறோம், மார்லீன். இந்தச் சாம்பல் கலரப் பாரு, சாவிக்கே அசையல."

சாம்பலுக்கே ஆர்டர் கொடுத்தோம். துணி வரப் பன்னிரண்டு வாரமாகும் என்றார் கெரிட். ஒன்பதாவது வாரம் ரோலண்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஊரின் அந்தக் கோடியில் இன்னொருத்தியோடு ஒரு வருடமாகவே வீடு எடுத்து வைத்திருந்தானாம். பாவி, உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தபோதே அந்த வீட்டுச் சாவியும் அவன் பையில்தான் இருந்திருக்கிறது.

கெரிட்டுக்குப் போன் போட்டு, துணி வேண்டாம் என்றேன்.

"நம்ம அளவுக்கு வெட்டி அனுப்பிட்டாங்கம்மா. திருப்பி எடுத்துக்க மாட்டாங்க."

சோஃபா புதுத் துணியோடு வந்திறங்கியது. அவன் மேசைமேல் விட்டுப்போன வாசல் சாவியை எடுத்து, அவன் வழக்கமாக உட்காரும் பக்கத்தில் கை வலிக்கும்வரை சுரண்டினேன்.

சனியன், ஒரு நூல்கூடப் பிரியவில்லை.