சட்டென்று போனவள்

என் மகள் சட்டென்று போய்விட்டாள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். கணக்குப் பரீட்சை நடுவில் பெஞ்சிலிருந்து சரிந்தாளாம், தூக்குவதற்குள் முடிந்துவிட்டதாம். "கஷ்டப்படலைம்மா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள" என்றார் தலைமையாசிரியை. அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு, அது அப்படிச் சட்டென்று கொண்டுபோகாது. பெற்றவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதையும் விட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

தையல் கம்பெனிக்குத் திரும்பவும் போக ஆரம்பித்தேன். காலர் தைக்கிற மெஷின் என்னுடையது. பக்கத்து மெஷின்காரி ஆறுதல் சொல்ல வந்தாள், எரிந்து விழுந்தேன். துக்கம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். என் புருஷன் அதற்குப் பயந்தே வாயைத் திறப்பதில்லை.

நேற்று சாயங்காலம் மகளுடைய சிநேகிதி வந்தாள். ஒட்டடைக்குச்சி என்றுதான் என் மகள் அவளைக் கூப்பிடுவாள். ஆளும் அப்படித்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆன்ட்டி, உங்களை நாளைக்கு ஸ்கூலுக்குக் கூப்பிடுவாங்க. அவதான் எங்களைக் காப்பியடிக்க வெச்சான்னு சொல்லுவாங்க. நம்பாதீங்க. நாங்கதான் அவளைக் கெஞ்சினோம்."

"என்னடி காப்பி?"

மென்று விழுங்கிச் சொன்னாள். என் மகள் முன் பெஞ்சில் சுவரில் சாய்ந்து, பக்கவாட்டில் உட்காருவாளாம். கேள்விக்கு நாலு விடை கொடுத்திருக்கும்; காதைத் தொட்டால் விடை ஒன்று, மூக்குக்கு இரண்டு, கன்னத்துக்கு மூன்று, நெஞ்சில் கை வைத்தால் நாலு. கேள்விக்கு ஒரு நிமிஷம். பின்னால் இருக்கிற அத்தனை பேரும் பார்த்துப் போட்டுக்கொள்வார்களாம். அவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர் வேறு.

எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. வீட்டில் ஒரு துணி மடிக்க உடம்பு வணங்காது, ஊருக்கெல்லாம் பரீட்சை எழுதியிருக்கிறாள்.

"அப்புறம் எப்படி மாட்டினீங்க?"

"கடைசியில எல்லார் பேப்பர்லயும் வரிசையா நாலு, நாலுன்னே இருந்துதாம். அத்தனையும் தப்பு." தரையைப் பார்த்தாள். "அவ நெஞ்சுல வெச்ச கையை எடுக்கவே இல்ல, ஆன்ட்டி."

 இழுப்பு முற்றினால் அவளுக்குக் குரல் வராது. நெஞ்சைத்தான் பிடித்துக்கொள்வாள்.

"அவ பை எங்க இருந்துது? மருந்து அதுலதானே இருக்கும்?"

"பையெல்லாம் ஹாலுக்கு வெளிய."

"டீச்சர்?"

"போன் பாத்துட்டு இருந்தாங்க."

"எத்தனை கேள்விக்கு நாலு போட்டீங்க?"

 தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"பதினொண்ணு."

கேள்விக்கு ஒரு நிமிஷம் என்று இப்போதுதான் இவளே சொன்னாள். நான் பிடித்துக்கொண்டிருந்த 'சட்டென்று' என்ற சொல் போய்விட்டது. 

"பாவிகளா, ஒருத்தி கூடவாடி அவ மூஞ்சியைப் பாக்கலை?"

"பாத்தோம் ஆன்ட்டி" என்றாள். "ஒவ்வொரு கேள்விக்கும் பாத்தோம்."