எண்பத்தைந்து எம்.எம்.

பாண்டிருப்பில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜீவராஜ் மேசையில் இரண்டு லென்ஸை வைத்தார். இரண்டும் சூம் ஆகாதவை. ஒன்று முப்பத்தைந்து, மற்றது எண்பத்தைந்து. இரவல் கேட்டு வந்திருந்த பஸ்மிலாவின் தங்கச்சி அப்னாவுக்கு மறுநாள் கலியாணம். ஒன்றை இரவல் தருவார், மற்றது அவருக்கே வேலைக்கு வேண்டும்.

"முப்பத்தஞ்சக் கொண்டு போங்க தங்கச்சி. வீட்டு அறைதானே, எல்லாரும் அடங்குவாங்க. மற்றது ஒரு முகத்தத்தான் எடுக்கும். பின்னால நிக்கிறவங்க கலங்கிப் போவாங்க."

நல்ல புத்தி யார் காதில் ஏறுகிறது? கல்முனையில் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்கிற பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் பஸ்மிலாவுக்கு ஒரு பெயர் இருந்தது. பின்னால் உள்ளதெல்லாம் கரைந்து பொண்ணு முகம் மட்டும் பளிச்சென்று நிற்கிற படம் ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது, படம் எடுக்கக் கேட்டு வருகிறவர்களிடம் காட்டிப் பெருமையடிக்க. எண்பத்தைந்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

உம்மா படத்துக்கு நிற்காத மனுஷி. பதினாறு வயதில் அடையாள அட்டைக்கு எடுத்ததோடு சரி. ஆனால் கலியாணக் காலையில், நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற உடம்போடு அப்னாவின் பின்னால் நின்று தங்க மாலைக் கொக்கியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்:

"இண்டைக்கு என்னையும் எடு மகள். நீதானே எடுக்கிறாய், ஆம்புள இல்லியே. நாளைக்கு நான் இரிப்பனோ இல்லியோ."

"சும்மா இரிங்க உம்மா."

பஸ்மிலா அலுமாரியில் முதுகு முட்டும்வரை பின்னுக்குப் போனாள். அறை இருட்டாகக் கிடந்ததால் லென்ஸின் வாயை முழுக்கத் திறந்துதான் எடுக்க முடிந்தது. அப்னாவின் இமை மயிர் ஒவ்வொன்றும் துல்லியமாக விழுந்தது.

கலியாணம் முடிந்து இருபதாம் நாள் நெஞ்சடைத்து உம்மா மௌத்தானார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பின்னேரம் அப்னா வந்து பக்கத்தில் இருந்தாள். "ராத்தா, உம்மாட படத்தக் காட்டுங்க."

அந்த அறையில் எடுத்த அறுபது படத்திலும் உம்மா இருந்தார். அறுபதிலும் ஒரு வெள்ளை முக்காடு, அதற்குள் கலங்கிய மண்ணிறம். கண் எது, வாய் எது என்று பெற்ற பிள்ளைகளுக்கே தெரியவில்லை. அப்னா பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கப் பெரிதாக்க இருந்ததும் இல்லாமல் போனது.

"போன்ல ஏதோ ஏ.ஐ. தெளிவாக்கித் தருமாமே?"

அதையும் செய்து பார்த்தார்கள். முகம் வந்தது. கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் சுத்தமாக வந்தது.

"இது ஆரு ராத்தா?" என்று அப்னா அழுதாள்.

யாரோ ஒரு பொம்பிளை. பஸ்மிலாவுக்குத் தன் கையைத் தானே வெட்டிப் போடலாம் போலிருந்தது. வெட்டினாலும் என்ன, உம்மா வரப்போகிறாரா?

கலியாணத்தன்று காலை கொக்கியைப் பூட்டி முடித்துவிட்டு, உம்மா கிட்ட வந்து மெல்லக் கேட்டது பஸ்மிலாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"நானும் வந்திரிக்கனா மகள்?"

கமராவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் அவள் சொல்லியிருந்தாள்: "ஓம் உம்மா, நல்ல வடிவா வந்திரிக்கீங்க."

அதை நம்பிக்கொண்டுதான் உம்மா போனார்.