இடப்பக்க வெட்டு

அன்று ஒகுச்சி வீட்டு அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அந்த வீட்டின் மூத்தவளும் பட்டறை முதலாளியுமான கிவா. அவள் மகன் யாசுஹிரோ. நாற்பது ஆண்டுகளாக அங்கே கண்ணாடிக்கு ஒட்டும் பிலிமில் பூச்சு வேலை பார்க்கும் மேஸ்திரி மொமோசே. எதிர்ப்பக்கம், ரயில் நிலையங்களுக்குக் கேமராக் கூடு செய்யும் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி நுமாதா. அவருடன் பொறியாளர் தெராஷிமா என்ற பெண். தாங்களும் இருந்ததாகச் சொல்லித் திரிகிறவர்கள் பொய்யர்கள்.

தேநீரை ஒருவரும் தொடவில்லை.

ஒகுச்சி பிலிமை ஒட்டிய கண்ணாடியில் விளக்கு பட்டுக் கண்ணைக் கூசாது. எந்தக் குளிரிலும் ஆவி படியாது. சுவா ஏரிக்கரையில் அந்த வீட்டுக்கு இருந்த பெயரே அதுதான். ஆனால் இந்த ஜனவரியில் மலைப்பாதை நிலையமொன்றில் அந்தப் பிலிம் ஒட்டிப் புதிதாக மாட்டிய பதினோரு கேமராக்களும் விடியற்காலையில் ஆவி படிந்து வெளுத்துப்போயின. பிளாட்பாரத்தில் ஆள் நிற்கிறாரா என்று தெரியாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்க மறுத்துவிட்டார்.

சேதி வந்த அன்றே யாசுஹிரோ, பொருள் கொடுத்தவன்தான் முதலில் பணிய வேண்டும் என்ற வழக்கப்படி, ‘எங்கள் பிலிமின் குறைக்கு வருந்துகிறோம்’ என்று எழுதி, வீட்டு முத்திரையும் குத்தி அனுப்பிவிட்டான். காரணம் தெரியுமுன்பே! அந்தக் கடிதம் இப்போது நுமாதாவின் கையடியில் இருந்தது. ரயில்வே அறிக்கையோடு அது சேர்ந்துவிட்டால் ஒகுச்சி பிலிம் கெட்ட பிலிம் என்று நிலைத்துவிடும். அதைத் திரும்பப் பெறவே கிவா அவர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“உங்க மகனே ஒத்துக்கிட்டாரே, அம்மா. இனி என்ன பேச்சு?” என்றார் நுமாதா.

“அவன் பயந்தவன். நான் பயந்தவ இல்ல. கெட்டுப்போன கண்ணாடிய எடுத்து வைங்க.”

தெராஷிமா ஒன்றை மேசைமேல் வைத்தாள். மொமோசே குனிந்து ‘ஹா’ என்று ஊதினார். கண்ணாடி பால்போல வெளுத்தது.

“மூணு தலைமுறைப் பேரு, ஒரு மூச்சுக்குத் தாங்கல,” என்று நுமாதா சிரித்தார்.

மொமோசே சிரிக்கவில்லை. எது பூச்சு முகம் என்று காட்ட, பிலிமின் மேல்விளிம்பில் மூலையை ஒட்டிப் போட்டிருந்த சின்ன வெட்டை விரலால் தடவினார். “நம்ம வெட்டு இடப்பக்கம் வரணும். இதுல வலப்பக்கம் இருக்கு, முதலாளியம்மா. பூச்சுள்ள முகம் கண்ணாடியில ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. வெளிய தெரியறது வெறும் முதுகு.”

கிவா நிமிர்ந்தாள். “செத்தவனுக்குக் கிமோனோவ இடம்வலம் மாத்திச் சுத்துற மாதிரி பிலிமத் திருப்பி ஒட்டிட்டு எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறீங்களா? வெக்கமா இல்ல?”

“இல்ல,” என்றாள் தெராஷிமா. “மத்த எல்லார் பிலிம்லயும் வெட்டு வலப்பக்கம் வந்தா அதான் முகம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மூடுதாள் ஒட்டி அனுப்புறீங்க. வெட்டப் பாத்துத்தான் ஒட்டணும். உங்களுக்கு மட்டும் இடப்பக்கம்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க.”

அவள் நீட்டிய விவரத்தாளில் அப்படி ஒரு வரியும் இல்லை.

கிவாவின் மாமனார் இடக்கைக்காரர்; அவர் போட்ட வெட்டு அது. அதை மாற்றவோ விளக்கவோ அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. யாசுஹிரோ ஒருவனைத் தவிர. சென்ற இலையுதிர்காலத்தில் அவன் விவரத்தாளில் அந்த வரியைச் சேர்த்திருந்தான். ‘நம்ம பிலிமோட முகம் தெரியாதவனுக்கு நாம விக்கறதில்ல’ என்று சொல்லிச் சிவப்புப் பென்சிலால் அதை அடித்தவள் கிவா.

யாசுஹிரோ தலை குனிந்தான். “நான்தான் எழுத மறந்துட்டேன்.”

மொமோசே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் உண்மை தெரியும். கிவா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வீட்டின் தலை நிமிர்ந்தே இருக்கும், பழி மகனோடு போய்விடும்.

“பொய் சொல்லாதடா,” என்றாள் கிவா. “அவன் அந்த வரிய எழுதினான். அடிச்சது நான்.”

எழுந்து, முதுகை வளைத்து வணங்கினாள். எழுபத்து நான்கு வயதில் அந்த முதுகு அந்நியர் முன் வளைந்ததை மொமோசே கண்டதில்லை. நிமிர்ந்ததும் கையை நீட்டினாள்.

“இப்ப அந்தக் கடிதத்தக் குடுங்க. பிலிம் கெட்டதுன்னு அதுல இருக்கு. பிலிம் கெடல. நான் குடுத்த தாள்தான் கெட்டது. அத என் பேர்லயே எழுதித் தர்றேன்.”

“உங்க பேரு போயிடுமே, அம்மா?”

“போகட்டும். பிலிமோட பேரு போகக் கூடாது.”

நுமாதா கடிதத்தை விடவில்லை. தெராஷிமாதான் அதை அவர் கையடியிலிருந்து உருவி மேசைமேல் தள்ளினாள். “எடுத்துக்குங்க. ஆனா அடுத்த வருஷ ஆர்டர் உங்களுக்கு வராது.”

“நான் கேக்கல.”

வந்தவர்களை வழியனுப்ப வாசல்வரை யாரும் போகவில்லை. கிவா கடிதத்தை நான்காகக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தாள். மை ஊற்றப்போன மகனை வேண்டாமென்று தடுத்தாள்.

அன்று முதலில் வணங்கியது தெராஷிமா என்றும், பிறகு இரண்டு பெண்களும் கண்கலங்கிச் சமாதானமானார்கள் என்றும் ஏரிக்கரை ஊரான ஒகாயாவில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. வணங்கியது கிவா மட்டுமே, ஒரே ஒரு தடவை. யாரும் அழவில்லை. சமாதானமும் ஆகவில்லை.